ஒரே தொட்டியில் வெவ்வேறு இன ஆமைகள்: சேர்க்கும் முன்னும் சேர்த்த பின்னும்

ஆமை துணை தேடும் விலங்கு இல்லை. குளத்தில் ஒரே மரக்கட்டை மேல் நாலைந்து ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வெயில் காய்வதைப் பார்ப்பவர்களுக்கு அது நட்பாகத் தெரியும். வெயில் படும் கட்டை குறைவாக இருப்பதால்தான் அவை அப்படி நெருக்கிக்கொள்கின்றன. பிடிக்காத ஆமை தண்ணீரில் குதித்துப் பல மீட்டர் தள்ளிப் போய்விடும். கண்ணாடித் தொட்டியில் அப்படிப் போக இடமில்லை. தோற்ற ஆமை தோற்ற இடத்திலேயே இருக்க வேண்டியிருக்கிறது. அதனால் சாப்பிடாமல், வெயில் காயாமல், நோய்வாய்ப்பட்டு ஒடுங்குகிறது. கீழே வரும் ஏற்பாடுகள் பெரும்பாலும் அந்த ஆமைக்கு ஒதுங்க வழி செய்வதற்காகத்தான்.

தொடங்கும் முன் ஒரு நிபந்தனை. எல்லா ஆமைகளுக்கும் தனித்தனி இடம் கொடுக்க உங்களிடம் தொட்டியும் ஃபில்டரும் விளக்கும் இருக்க வேண்டும். "சண்டை வந்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டால், கடிபட்ட ஆமை அந்த நாலைந்து நாளும் கடித்த ஆமையோடுதான் இருக்கும். இரண்டாவது தொட்டிக்கு வழியில்லை என்றால் ஓர் ஆமையே போதும். அது தனியாக நன்றாகவே வாழும்.

எதை எதோடு சேர்க்கலாம்

4 செ.மீ. குஞ்சுகளாக இருக்கும்போது எல்லாம் ஒரே அளவில் தெரியும். முடிவெடுக்க வேண்டியது வளர்ந்த அளவை வைத்து. சிவப்புக் காது ஸ்லைடர் பெண் 25 முதல் 30 செ.மீ. வரை வளரும், ஆண் 20 செ.மீ. அருகில் நிற்கும். கூட்டர் பெண் 30 செ.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். மேப் ஆமையில் ஆண் 9 முதல் 14 செ.மீ. வரைதான், பெண் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மஸ்க் ஆமை 8 முதல் 13 செ.மீ. தெற்கத்திப் பெயின்டட் ஆமை 10 முதல் 15 செ.மீ. அளவுகள் எல்லாம் ஓட்டின் நேர்கோட்டு நீளம், வளைவோடு சேர்த்து அளந்தது அல்ல. தொட்டியில் இருக்கும் பெரிய ஆமையின் ஓடு சிறியதன் ஓட்டைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால், வேண்டுமென்று கடிக்காவிட்டாலும் உணவை எட்டும் வேகத்தில் சின்னதன் காலோ தலையோ பெரியதன் வாயில் போய்விடும்.

அடுத்தது கண்டம். ஓர் இனம் நெடுங்காலமாகச் சுமந்து பழகிய ஒட்டுண்ணியும் கிருமியும் அதற்குத் தொல்லை தராது. அவற்றை ஒருபோதும் சந்திக்காத வேறு கண்டத்து இனத்துக்கு அவையே எமனாகலாம். என்டமீபா இன்வேடன்ஸ் என்ற குடல் ஒட்டுண்ணி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு: தாவரம் தின்னும் பல ஆமைகள் எந்த அறிகுறியும் இல்லாமல் அதைச் சுமக்கும், வேறு ஊர்வனவற்றில் அது குடலையும் ஈரலையும் புண்ணாக்கிக் கொல்லும். எனவே வட அமெரிக்க ஆமைகளை வட அமெரிக்க ஆமைகளோடும், ஆசிய ஆமைகளை ஆசிய ஆமைகளோடும் மட்டும் வையுங்கள். ஆசியாவின் ரீவ்ஸ் ஆமையை ஸ்லைடரோடு விட வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம். ரீவ்ஸ் ஆமை ஆழமற்ற, ஓட்டமில்லாத நீருக்கு உரியது, நீச்சலில் ஸ்லைடருக்கு ஈடுகொடுக்காது என்பது இன்னொன்று.

மூன்றாவது, தண்ணீரில் எந்த மட்டத்தில் வாழ்கிறது என்பது. கலப்புத் தொட்டி நிலைப்பதற்கு இதுவே பெரிய உதவி. பெயின்டட், மேப், ஸ்லைடர், கூட்டர் எல்லாம் நீந்தித் திரிந்து மேலேறி நெடுநேரம் வெயில் காய்பவை. மஸ்க், மட் ஆமைகள் அடியில் நடந்து இரை தேடுபவை, விளக்கின் கீழ் வெயில் காய வைக்கும் மேடைக்கு அரிதாகவே வரும். ஆக, மேலே இரண்டு, கீழே ஒன்று என்று வைத்தால் விளக்கடி இடத்துக்கான போட்டி பாதியாகக் குறைகிறது.

நான்காவது பால். எல்லாம் ஆண் என்றால் ஒரே இனத்து ஆண்களையும் நெருங்கிய உறவு இனத்து ஆண்களையும் தவிர்க்க வேண்டும். எல்லாம் பெண் என்றால் தகராறு குறைவு, ஆனால் உருவம் பெரிது, தொட்டியும் பெரிதாக வேண்டும். ஆணும் பெண்ணும் கலந்தால், ஆண் வேறு இனத்துப் பெண்ணையும் விடாமல் துரத்தும், மேலேறும். தண்ணீருக்குள் இது நடக்கும்போது பெண்ணால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகவும் கூடும்.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால், வீட்டுத் தொட்டிக்குச் சரியாக அமையும் கூட்டணி ஒன்றுதான்: ஓர் ஆண் தெற்கத்திப் பெயின்டட், ஓர் ஆண் மிசிசிப்பி மேப், ஒரே ஒரு மஸ்க். மூன்றும் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரே நீர்நிலைகளில் வாழ்பவை, ஏறக்குறைய ஒரே வெப்பநிலை கேட்பவை, மூன்றும் சிறியவை. பெரிய குளமோ 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டியோ உள்ளவர்கள் பெண் ஸ்லைடரையும் பெண் கூட்டரையும் மட்டும் ஒன்றாக வைக்கலாம்.

ஸ்லைடர் எங்கும் எளிதாகக் கிடைப்பதால் பலரும் அதைத்தான் முதலில் வாங்கி, பிறகு அதற்குத் துணை தேடுகிறார்கள். ஆனால் துணையாகச் சேர்க்க ஸ்லைடர் நல்ல தேர்வு அல்ல. சாப்பாட்டுக்கு முந்தும், மேடையைப் பிடிக்கும், யாரையும் தள்ளும். பிரான்சில் ஐரோப்பியக் குள ஆமைகளையும் ஸ்லைடர்களையும் ஒரே குளங்களில் விட்டுப் பார்த்து 2003-இல் வெளியான ஆய்வில், நல்ல வெயில் மேடைகளை ஸ்லைடர்கள் பிடித்துக்கொள்ள, உள்ளூர் ஆமைகள் மட்டமான இடங்களுக்கு ஒதுங்கின. திறந்த குளத்திலேயே அப்படி என்றால் தொட்டியில் மேப் போன்ற கூச்ச சுபாவ ஆமையின் கதி என்ன என்று எண்ணிப் பாருங்கள். அது ஒரு மூலையில் மறைந்தே மெலிந்துபோகும். சண்டை எதுவும் கண்ணில் படாது, அதனால் "ஒற்றுமையாக இருக்கின்றன" என்று தோன்றும்.

எந்த நிலையிலும் சேர்க்கக் கூடாதவை: ஸ்னாப்பிங் ஆமை, அலிகேட்டர் ஸ்னாப்பிங் ஆமை, மெத்தோட்டு ஆமைகள், ஆப்பிரிக்க ஹெல்மெட் ஆமை. முதல் இரண்டும் கடைசியும் மற்ற ஆமையை இரையாகப் பார்க்கும். மெத்தோட்டு ஆமை தானும் கடிக்கும், தன் தோல் மூடிய ஓட்டில் பிற ஆமையின் நகம் பட்டாலே புண்ணாகிச் சீழ் பிடிக்கும். நில ஆமையும் பாக்ஸ் ஆமையும் ஆழ்நீர்த் தொட்டிக்குள் போனால் மூழ்கிவிடும். இரண்டு ஆண் மஸ்க் ஆமைகளும் இந்தப் பட்டியலில் சேர்த்திதான்.

தொட்டிக் கணக்கு

ஓட்டின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 15 லிட்டர் என்பது ஓர் ஆமைக்கான கணக்கு. கூடச் சேரும் ஒவ்வோர் ஆமைக்கும் அதில் பாதி. இனங்கள் கலந்தால் மொத்தத்தில் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். 13 செ.மீ. மேப், 12 செ.மீ. பெயின்டட், 10 செ.மீ. மஸ்க் என்றால்: 195 + 90 + 75 = 360 லிட்டர், கால் பங்கு சேர்த்து 450. 150 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் உள்ள தொட்டியில் 50 செ.மீ. வரை தண்ணீர் நிரப்பினால் சரியாக 450 லிட்டர் வரும். உயரத்தை விட நீளமும் அகலமும் முக்கியம், ஏனென்றால் ஓடி ஒதுங்குவது பக்கவாட்டில்தான். தண்ணீரும் கண்ணாடியும் சேர்த்து அரை டன்னுக்கு மேல் கனக்கும். தாங்கியையும் தளத்தையும் அதற்கேற்பப் பாருங்கள்.

நீர் மட்டத்துக்கு மேல் 10 செ.மீ. மட்டும் மிஞ்சுவதால் வெயில் மேடையைத் தொட்டிக்குள் வைத்தால் ஆமை ஏறி வெளியே விழும். தொட்டியின் மேல் விளிம்பில் சுவர் உள்ள பெட்டியாக மேடை கட்டி, சாய்தளம் ஒன்றை நீருக்குள் இறக்குங்கள். மேடைகள் இரண்டு, இரண்டு எதிரெதிர் முனைகளில், ஒவ்வொன்றுக்கும் தனி வெப்ப விளக்கு. ஒரே நீளமான மேடை இரண்டுக்குச் சமம் ஆகாது. ஆதிக்க ஆமை சாய்தளத்தில் படுத்துக்கொண்டால் வழியே அடைபட்டுவிடும்.

மேடையின் பரப்பில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஆமையின் முதுகு இருக்கும் உயரத்தில் வெப்பமானியை வைத்து அளந்து பாருங்கள். யுவிபி (வெயிலில் இருக்கும் ஒருவகைப் புறஊதாக் கதிர்) தரும் குழாய் விளக்கும் இரண்டு மேடைகளுக்கும் தேவை, தினமும் 10 முதல் 12 மணி நேரம். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் யுவிபி கதிரைத் தடுத்துவிடும் என்பதால் இடையில் எதுவும் இருக்கக் கூடாது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் தேய்ந்துபோகும், ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

தண்ணீர் 24 முதல் 25 டிகிரி. இந்த மூன்று இனங்களுக்கும் அது ஒத்துப்போகும். ஹீட்டருக்கு உறை கட்டாயம், கண்ணாடி ஹீட்டரை ஆமை ஓட்டாலேயே மோதி உடைக்கும்.

மஸ்க்குக்கு 50 செ.மீ. ஆழம் அதிகம் என்று சொல்வதுண்டு. ஏறிவர வழி இருந்தால் அதிகமில்லை. அடியிலிருந்து மேல் வரை சாய்ந்து நிற்கும் தடித்த வேர்க்கட்டையும், நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே ஓர் உள் மேடையும் வைத்தால் நடந்தே வந்து மூச்செடுத்துப் போகும். குஞ்சு மஸ்க்கை மட்டும் இந்த ஆழத்தில் விட வேண்டாம்.

மறைப்புகள் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆமை இன்னோர் ஆமையைத் தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்க்க முடிகிறது என்றால் துரத்தல் நிற்காது. பெரிய கட்டை, அடுக்கிய கல், தொங்கும் பிளாஸ்டிக் செடிக்கொத்து ஆகியவற்றால் பார்வையை மூன்று இடங்களிலாவது உடையுங்கள். குகை வைத்தால் இரண்டு பக்கமும் வாசல் இருக்கட்டும். ஒரு வாசல் மட்டும் இருந்தால், துரத்தும் ஆமை அதன் எதிரே நின்றாலே உள்ளே இருப்பது மூச்சுக்கு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். கற்களைத் தொட்டியின் அடித்தளத்தில் நேரடியாக அமர்த்துங்கள். மணலின் மேல் அடுக்கினால் மஸ்க் தோண்டித் தோண்டிச் சரித்துவிடும்.

தண்ணீர்

ஆமைத் தொட்டிக்கு, அதன் கொள்ளளவைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு தண்ணீருக்கு என்று குறிப்பிட்ட கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) வேண்டும். 450 லிட்டருக்கு 1,000 லிட்டர் தொட்டிக்கான ஒரு ஃபில்டரை விட, 600 லிட்டர் தொட்டிக்கான இரண்டு நல்லது. ஒன்று நின்றாலும் மற்றது ஓடும், இரண்டையும் மாற்றி மாற்றிக் கழுவலாம். நீர் வெளிவரும் குழாய்கள் இரண்டையும் ஒரே முனையில் வையுங்கள். மேப் ஆமைக்கு ஓடும் நீர் பிடிக்கும், மஸ்க்குக்குப் பிடிக்காது. ஒரு முனையில் ஓட்டம், மறு முனையில் அமைதி என்று அமைந்தால் இரண்டும் தத்தம் இடத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும்.

புதுத் தொட்டியில், கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றி நன்மை செய்யும் பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 40 பங்கு) கீழ் என்று வந்த பிறகே ஆமைகளை விடுங்கள். பிறகு வாரம் ஒரு முறை 25 முதல் 30 சதவீதம் நீர் மாற்றம். ஃபில்டர் பஞ்சை வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே கசக்குங்கள். குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவினால் அத்தனை பாக்டீரியாவும் செத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்த மூன்றில் தண்ணீர் கெட்டதை முதலில் காட்டுவது மேப். ஓட்டில் வெளுத்த புள்ளி, தகட்டின் கீழே சீஸ் போன்ற மசிவு, நாற்றம் என்று ஓடு அழுகத் தொடங்கும். மற்ற இரண்டும் நன்றாக இருப்பதை வைத்துத் தண்ணீர் நன்றாக இருப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

தனிமைக் காலம்: 90 நாள்

புது ஆமை எவ்வளவு திடமாகத் தெரிந்தாலும் 90 நாள் தனித் தொட்டியில், முடிந்தால் தனி அறையில். 80 முதல் 100 லிட்டர் தொட்டி, மணல் இல்லாத வெறும் தளம், ஃபில்டர், மேடை, வெப்ப விளக்கு, யுவிபி விளக்கு போதும். தளம் வெறுமையாக இருந்தால்தான் மலம் எப்படி இருக்கிறது என்று பார்க்க முடியும். வாளி, வலை, துணி எல்லாம் அதற்கென்று தனி. தினசரி வேலையில் பழைய தொட்டியை முதலில் முடித்துவிட்டு இதைக் கடைசியாகத் தொடுங்கள்.

ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம், ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை மலப் பரிசோதனை செய்யுங்கள். புழு முட்டைகளும் ஒட்டுண்ணிகளும் ஒவ்வொரு மலத்திலும் வருவதில்லை என்பதால் ஒரு முறை போதாது. நாய், பூனைகளுக்கான புழு மருந்தை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும்.

வாரம் ஒரு முறை கிராம் தராசில் எடை குறித்து வையுங்கள். மூக்கில் குமிழி, ஒரு பக்கம் சாய்ந்து மிதத்தல், வீங்கி மூடிய கண், விரலால் அழுத்தினால் அமுங்கும் ஓடு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் குணமான நாளிலிருந்து 90 நாளை மீண்டும் எண்ணத் தொடங்குங்கள்.

அறிமுகம்

1. முந்தைய நாள் பெரிய தொட்டியில் உள்ள கட்டை, கல், செடி அனைத்தையும் இடம் மாற்றுங்கள். பழைய ஆமை தனக்கென்று பிடித்துவைத்த எல்லை அழிய வேண்டும்.

2. பழைய ஆமையை வெளியே எடுத்துவிட்டுப் புது ஆமையை முதலில் விடுங்கள். நாலைந்து மணி நேரம் அது சுற்றி வந்து, ஒளியும் இடங்களையும் மேடைகளையும் தெரிந்துகொள்ளட்டும்.

3. தொட்டியின் நடுவில், துளைகள் இட்ட அக்ரிலிக் தடுப்பை நீர்மட்டத்துக்கு மேலும் நீளும்படி வைத்து, பழைய ஆமையை மறுபக்கம் விடுங்கள். ஏழு நாள் இப்படியே. தடுப்பை விடாமல் முட்டினாலும் கடிக்க முயன்றாலும் இத்தோடு நிறுத்திவிடுவது நல்லது.

4. எட்டாம் நாள், இரண்டுக்கும் வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, காலையில் தடுப்பை ஒரு மணி நேரம் எடுங்கள். தொட்டி முன்னே உட்கார்ந்து பாருங்கள். மூன்று நாள் இப்படி, பிறகு மூன்று நாள் அரை நாள், அதற்குப் பிறகு ஒரு வாரம் பகல் முழுதும்.

5. மூன்று வாரம் தகராறு இல்லாமல் கழிந்தால் மட்டும் இரவும் சேர்த்து விடலாம். மஸ்க் இரவில்தான் சுறுசுறுப்பு. பகலில் சாதுவாக இருந்தது இரவில் தூங்கும் ஆமையின் தொங்கும் காலைக் கவ்வும். முதல் சில நாள் அதிகாலையில் விரல், வால் நுனி, கழுத்துத் தோல் ஆகியவற்றைச் சோதியுங்கள்.

மூன்றாவது ஆமையைச் சேர்ப்பதாக இருந்தால் முதல் இரண்டும் பழகி மூன்று மாதமாவது ஆகட்டும்.

சாப்பாடு

கடிகளில் பெரும்பகுதி உணவு நேரத்தில் நடக்கிறது. ஆமைக்கு ஒரு டப் என்று வைத்து, தொட்டி நீரையே ஊற்றி, 15 முதல் 20 நிமிடம் அதில் கொடுப்பது பாதுகாப்பான வழி, தொட்டியும் சுத்தமாக இருக்கும். கையில் எடுத்தாலே மிரண்டு சாப்பிட மறுக்கும் ஆமைக்கு, பெரும்பாலும் அது மேப் ஆகத்தான் இருக்கும், தொட்டியிலேயே தடுப்பை இறக்கித் தனியாகக் கொடுங்கள்.

உணவுக் குச்சி ஒரு வேளைக்கு அந்த ஆமையின் தலை அளவு. குஞ்சுக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒன்றுவிட்ட ஒரு நாள். மஸ்க்குக்கு மூழ்கும் வகை வேண்டும், மிதப்பதைத் தேடி அது மேலே வராது. பெயின்டடுக்கும் ஸ்லைடருக்கும் வயது ஏற ஏறக் கீரையும் நீர்ச்செடியும் கூட வேண்டும், கூட்டருக்கு வளர்ந்தபின் ஏறக்குறைய முழுக்கவே செடிதான். எல்லோருக்கும் ஒரே உணவைக் கொட்டினால் செடி தின்ன வேண்டியது புரதத்தைத் தின்று ஓடு மேடுதட்டும், பூச்சி தின்ன வேண்டியது பட்டினி கிடக்கும்.

எப்போது பிரிப்பது

ஒருமுறை வாயைத் திறந்து மிரட்டுவது, மேடையில் ஒன்று மற்றதைத் தள்ளுவது ஆகியவை எல்லாத் தொட்டியிலும் நடக்கும். கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்றே பிரித்துவிடுங்கள்:

- ரத்தம் வந்த எந்தக் கடியும்
- ஓர் ஆமை இரண்டு நாள் தொடர்ந்து மேடைக்கு வராதது (மஸ்க் தவிர)
- மூச்சுக்கு மேலே வருவதை இன்னொன்று தடுப்பது
- நான்கு வாரத்தில் உடல் எடையில் 5 சதவீதம் குறைவது
- ஆண் முன்னங்கால் நகங்களை மற்றதன் முகத்தின் முன் படபடவென்று ஆட்டுவது நாள்தோறும் தொடர்வது

கடைசியாகச் சொன்னது விளையாட்டாகத் தெரியும். அது ஸ்லைடர், பெயின்டட், மேப் ஆண்களின் காதல் அழைப்பு, சில நேரம் அதிகாரம் காட்டுவதும் கூட. இரண்டு ஆண்டு ஒன்றாக வாழ்ந்த ஆமைகள் திடீரென்று சண்டை போடுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்: குஞ்சாக வாங்கியவற்றில் ஒன்று ஆணாக முதிர்ந்துவிட்டது. ஸ்லைடர் ஆண் ஏறக்குறைய 10 செ.மீ. ஓட்டில் முதிரும். நீண்ட முன்னங்கால் நகமும் தடித்த நீண்ட வாலும் தெரியத் தொடங்கும்போதே இரண்டாவது தொட்டியைத் தயார் செய்யுங்கள்.

கலப்பினக் குஞ்சுகள் வர முடியாது என்றும் எண்ண வேண்டாம். சிவப்புக் காதும் மஞ்சள் வயிறும் ஒரே ஸ்லைடர் இனத்தின் கிளைகள், எளிதில் கலக்கும். வேறு பேரினங்கள் கூடக் கலப்பதுண்டு. 1991-இல் மௌரமிஸ் ஐவர்சோனி என்று சீனாவிலிருந்து புது இனமாக விவரிக்கப்பட்ட ஆமை, இரு வேறு பேரினங்கள் சேர்ந்து பிறந்த கலப்பு என்று பின்னாளில் மரபணு ஆய்வு காட்டியது. ஆண் இல்லாத தொட்டியிலும் பெண்ணுக்கு முட்டை வரும், ஆணைப் பிரித்த பிறகும் சேமித்த விந்தைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் கருவுற்ற முட்டையிட முடியும். பெண் ஆமை வைத்திருப்பவர்கள், தோண்டுவதற்கு ஈரமணல் நிரப்பிய 20 செ.மீ. ஆழப் பெட்டி ஒன்று வைத்திருக்க வேண்டும். இடமில்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும்.

கடிபட்டால்: வெளிர் தேநீர் நிறத்துக்குக் கரைத்த போவிடோன் அயோடினால் கழுவி, சுத்தமான உலர் பெட்டியில் வெதுவெதுப்பாக வையுங்கள், நீர் குடிக்கவும் உண்ணவும் தினம் ஒரு மணி நேரம் தனி டப்பில் விடுங்கள். எலும்பு தெரிந்தாலோ, விரலோ வாலோ போயிருந்தாலோ, இரண்டு நாளில் வீங்கினாலோ மருத்துவர்தான். தொட்டியில் வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், டப்புகளைச் சமையலறைத் தொட்டியில் அலச வேண்டாம். ஆமை பார்க்க நலமாக இருந்தாலும் சால்மோனெல்லா சுமக்கும். 10 செ.மீ.க்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது குழந்தைகளுக்கு அந்தத் தொற்று பரவியதால்தான்.

பிரிக்கும்போது தாக்கிய ஆமையை வெளியே எடுங்கள், கடிபட்டதற்கு அதன் இடம் அப்படியே இருக்கட்டும். மூன்று வாரம் கழித்துக் கட்டை, கற்களை மறுபடி மாற்றி, அறிமுகத்தை முதல் படியிலிருந்து ஒரே ஒரு முறை முயன்று பார்க்கலாம். இரண்டாம் முறையும் கடித்தால் அவை நிரந்தரமாகத் தனித்தனித் தொட்டிகளுக்கு உரியவை. வேண்டாத ஆமையை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் ஸ்லைடர் இடம்பெற்றது அப்படி விட்டவர்களால்தான். இரண்டு தொட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நடுவே ஓர் அட்டையைச் செருகிவிடுங்கள். எதிரி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், கண்ணாடிக்கு அப்பால் இருந்தாலும் தோற்ற ஆமை மேடை ஏறாது.